மாந்தோப்பில் கொத்தமல்லி பூக்கட்டும்: தோட்டக்கலைத் துறைக்கும் வேளாண் விஞ்ஞானிகளுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை இயக்குநர் அவர்களுக்கும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பழப்பயிர், நறுமணப் பயிர், பூச்சியியல் விஞ்ஞானிகளுக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மா வைத்திருப்பவன் நான். மார்கழியில் பூங்கொத்து தலைகாட்டியதும் இங்கே தோப்புக்குத் தோப்பு விசைத்தெளிப்பான் சத்தம் தொடங்கிவிடும். பூங்கொத்தில் மொய்க்கும் தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சுவதோடு நிற்காது. அது சொட்டும் பிசுபிசுப்பில் கரும்பூசணம் படர்ந்து கொத்தே கருகிப்போகும். ஆகவே மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூ முழுதாக விரிந்த பிறகும் தெளிக்கிறோமே, அதுதான் என் கவலை. மகரந்தத்தை இருபால் பூக்களுக்குக் கொண்டு சேர்ப்பவை ஈக்களும் கொசுத்தேனீக்களும். தத்துப்பூச்சிக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட் மருந்து அவற்றையும் கொல்லும். பிறகு காய்ப்பிடிப்பு குறைந்துவிட்டது என்று அதே மருந்துக் கடையில் போய் நிற்கிறோம்!

நன்மை செய்யும் பூச்சிகளின் வலிமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரியையும் மரவள்ளியையும் சூறையாடியது. மருந்தால் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவிதான், மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு, அதை அடக்கியது. கடல் கடந்து குளவியைக் கொண்டுவரத் தெரிந்த நமக்கு, தோப்பில் ஏற்கெனவே இருப்பவற்றுக்குச் சோறு போட ஏன் தோன்றவில்லை?

அந்தச் சோறு கொத்தமல்லிப்பூ. கொத்தமல்லியின் சிறு பூக்களில் தேன் ஆழத்தில் ஒளிந்திருக்காது. குட்டை வாயுள்ள ஒட்டுண்ணிக் குளவிக்கும் எட்டும். சிர்பிட் ஈ அதில் மகரந்தம் தின்று முட்டையிடும். அதன் புழு அசுவினி என்னும் செடிப்பேனைத் தின்னும். மல்லியில் வரும் அசுவினி பொதுவாக மாமரத்துக்குத் தாவுவதில்லை, ஆனால் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் பெருக அது தீனியாகும். கீரைக்காக நாற்பது நாளில் பிடுங்கினால் இதில் ஒன்றும் நடக்காது. விதைக்கு விட்டால்தான் பூக்கும். மல்லிப் பூவில் மகரந்தம் முதலில் உதிர்ந்து, சூல்முடி பிறகே பக்குவமாவதால், மணி பிடிக்க அதற்கும் பூச்சி தேவை. ஐப்பசியில் விதைத்தால் மல்லியும் மாவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பூக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு; அதற்காகத்தான் இந்த மடலே. பூவெடுக்கும் முன் மாவுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, மண் காய வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. அப்போது மல்லிக்குப் பாய்ச்சினால் மரம் பூக்காமல் தளிர்விடும். விருதுநகர், தூத்துக்குடிக் கரிசலில் மானாவாரி மல்லி மண்ணில் தங்கிய ஈரத்திலேயே விளைந்துவிடுகிறது. எங்கள் செம்மண் அவ்வளவு ஈரம் பிடிக்காது. வயதான தோப்பில் நிழல் வேறு. வரப்போரம் மட்டும் விதைத்தால் போதுமா, இளந்தோப்பில் இடைவெளி முழுக்க விதைக்கலாமா, எந்த ரகம் தாங்கும்? இதை ஒரு விவசாயி தன் ஒரு தோப்பை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

பையூர் ஆராய்ச்சி நிலையம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. மாவை ஒருவரும் மல்லியை இன்னொருவரும் பூச்சியை மூன்றாமவரும் தனித்தனியே பார்க்காமல், வரும் ஐப்பசியில் ஒரே தோப்பில் மூவரும் சேர்ந்து விதையுங்கள். காய்ப்பிடிப்பு, மல்லி மகசூல், தத்துப்பூச்சி எண்ணிக்கை மூன்றையும், மல்லி இல்லாத பக்கத்துத் தோப்போடு ஒப்பிட்டு அளவிடுங்கள். ஒரு பருவத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். மா ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஏய்க்கும் மரம்.

துறைக்கு ஒரு வேண்டுகோள் தனியே. பூ விரிந்திருக்கும்போது தெளிக்கக் கூடாத மருந்துகளின் பெயர்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, டிசம்பருக்கு முன்பே ஊராட்சி அலுவலகச் சுவர்களில் ஒட்டுங்கள். இதற்கு ஆராய்ச்சி முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சோதனையில் மல்லி தோற்றாலும் அந்தக் கணக்கைத் தமிழில் வெளியிடுங்கள். எங்கள் விதைச் செலவாவது மிஞ்சும்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி மா விவசாயி ஒருவன்