தரையில் உட்காருபவர்களையும் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனித உடலசைவு ஆராய்ச்சி (பயோமெக்கானிக்ஸ்) மாநாடுகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1967இல் ஜூரிச்சில் நடந்த முதல் கருத்தரங்கு, 1973இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச பயோமெக்கானிக்ஸ் சங்கம், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அது கூட்டும் மாநாடு என்று வரலாறு சரியாகவே வந்திருக்கிறது. ஆனால் அப்புறம் பக்கம் முழுக்க ஓட்டப்பந்தயமும் கிரிக்கெட்டும்தான். பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், விடுபட்டதைச் சொல்லத் தோன்றியது.

முரளிதரன் கதையைக் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருந்தார். நல்ல உதாரணம்தான். 1995இல் மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர், பந்தை எறிகிறார் என்று நோபால் கொடுத்தார். பெர்த்தில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது, முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுசாக நிமிராது என்று தெரிந்தது. பிறகு மற்ற பந்துவீச்சாளர்களையும் அளந்தார்கள். சுத்தமான ஆக்‌ஷன் என்று பேர் வாங்கியவர்களுக்கும் கை கொஞ்சம் மடங்கித்தான் நிமிர்ந்தது. 2005இல், பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரி வரை நிமிரலாம் என்று எல்லாருக்கும் விதியே மாறியது.

முழங்கைக்கு இவ்வளவு மெனக்கெட்ட துறை, தரையில் உட்கார்ந்து எழுகிறவர்களின் முழங்காலுக்கு எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது?

சமதளத்தில் நடக்கும்போது முட்டி சுமார் 60, 70 டிகிரி மடங்கினால் போதும். குந்தி உட்கார 150ஐத் தாண்ட வேண்டும். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகக் குழு இந்தியர்களை வைத்து அளந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், குதிகாலைத் தூக்கிக் குந்தும்போது சராசரியாக 157 டிகிரி. ஆனால் இந்தத் துறையில் நடையைப் பற்றி வந்திருக்கும் ஆய்வுகளோடு ஒப்பிட்டால் குந்துவது, சம்மணம் போடுவது பற்றி வந்தவை சொற்பம். அதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு, மறுக்கவில்லை. தோலில் ஒட்டிய குறிப்பான்களைக் கேமராக்கள் பார்த்துத்தான் கோணத்தைக் கணக்கிடுகிறார்கள். குந்தினால் தொடையும் கெண்டைக்காலும் ஒன்றோடொன்று அழுந்தும், தோல் நகரும், குறிப்பான் மறைந்துவிடும். அந்த அழுத்தமே உடல் எடையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. நடைக்காக எழுதிய கணக்கில் அது வராது. கஷ்டம்தான். ஆனால் கஷ்டமான கேள்விகளை எடுத்துப் பேசத்தானே மாநாடு?

முட்டி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி, “எப்போ நடக்கலாம்?” என்பதோடு நிற்காது. “கீழ உட்காரலாமா சார்?” என்பதும் கூடவே வரும். கோயில், பந்தி, துக்க வீடு எல்லாமே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. வழக்கமான பதில், வேண்டாம் என்பதுதான்.

நம் ஊர்க்காரர்கள் இதை யோசித்த இடங்களில் பலன் தெரிந்திருக்கிறது. 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் காலை இழந்தவர்களுக்காக உருவாக்கிய ரப்பர் கால், செருப்பில்லாமல் நடக்கவும் குந்தவும் வயலில் இறங்கவும் உதவியது. பெரிய படிப்பு இல்லாத சர்மாவின் கைப்பழக்கம் இல்லாமல் அது வந்திருக்காது. முட்டிக்கு மேல் காலை இழந்தவர்களுக்காக 2022இல் சென்னை ஐஐடி வெளியிட்ட ‘கதம்’ செயற்கை முட்டி 160 டிகிரி வரை மடங்கும். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் இடுக்கி உட்கார வேண்டுமே என்று யோசித்துச் செய்தது.

இந்தியாவில் இப்படி மாநாடு நடத்துபவர்கள் ஒரு அமர்வையாவது தரைக்கென்று ஒதுக்கட்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் செயற்கைக் கால் செய்பவர்களையும் பிசியோதெரபிஸ்டுகளையும் கட்டணம் வாங்காமல் உள்ளே விடட்டும். பார்வையாளர்களாக இல்லை, பேசுபவர்களாக. உங்கள் நிருபரும் அடுத்த முறை ஓட்டப்பந்தய ஆராய்ச்சியாளரோடு நிறுத்திக்கொள்ளாமல், அவர்களில் ஒருவரையும் பேட்டி எடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட்,
மதுரை