முதல் பாசிட்டிவோடு கணக்கை மூடாதீர்கள்

காட்டுப்பறவைகளில் பறவைக் காய்ச்சலைக் கண்காணிக்கும் கால்நடைத்துறை, வனத்துறை, சுகாதாரத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். நீர்ப்பறவைகளைக் கணக்கெடுப்பதும், நீங்கள் வெளியிடும் நோய் அறிக்கைகளை உட்கார்ந்து வாசிப்பதும் எனக்கு வழக்கம். அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற வரி ஒன்று உண்டு: ‘வாத்து, இனம் குறிப்பிடப்படவில்லை. இறந்தவை: 1.’

அந்த ஒன்று உண்மையிலேயே ஒன்றுதானா? பல நேரங்களில் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். கரையில் நூற்றுக்கணக்கில் கிடந்திருக்கும். அழுகாமல் இருந்த நாலைந்தை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பீர்கள். அதில் ஒன்று பாசிட்டிவ் என்று வந்ததும், இனிச் சோதிக்க வேண்டியதில்லை என்று முடிவாகியிருக்கும். அந்த முடிவில் தப்பில்லை. ஆய்வகத்துக்கு நேரம் குறைவு, செலவு அதிகம், நோய் வந்துவிட்டது என்று அறிவிக்க ஒரு பறவையே போதும். சிக்கல் அடுத்த படியில் வருகிறது. சோதனை நின்றதும் எண்ணுவதும் நின்றுவிடுகிறது. கோப்பில் ‘1’ என்று ஏறியது அப்படியே உலகத் தரவுக்குப் போய்விடுகிறது.

நான் கேட்பது இதைத்தான்: சோதனையை நிறுத்திக்கொள்ளுங்கள், எண்ணுவதை நிறுத்தாதீர்கள்.

முன்பெல்லாம் இது அவ்வளவு பெரிய குறையாகத் தெரியவில்லை. காட்டுப்பறவை செத்தால், பக்கத்துக் கோழிப்பண்ணைக்கு ஆபத்து வருகிறது என்பதற்கான எச்சரிக்கை மணியாகத்தான் அதை எடுத்துக்கொண்டார்கள். 1961இல் தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் ஆலாக்கள் என்ற நீர்ப்பறவைகள் கூட்டமாகச் செத்ததை விட்டால், வீரியமான பறவைக் காய்ச்சல் காட்டுப்பறவைகளை மொத்தமாகக் கொன்றதாகப் பல பத்தாண்டுகளுக்குப் பெரிய பதிவில்லை. இன்று உலகத்தைச் சுற்றும் எச்5என்1 வகை வைரஸ் கிளைகளின் மூதாதை 1996இல் சீனாவின் குவாங்டொங்கில் பண்ணையில் வளர்த்த கூஸ் வகைப் பெருவாத்து ஒன்றில் கண்டறியப்பட்டது. அதாவது இந்த நோய் பண்ணையிலிருந்து காட்டுக்குப் போனது. ‘வலசைப் பறவைகள் கொண்டுவரும் நோய்’ என்று செய்திக்குறிப்பில் எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும். 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தபோதுதான் காட்டுப்பறவைகளுக்கு வந்திருக்கிற ஆபத்து எல்லோருக்கும் உறைத்தது. அப்புறம் 2020 வாக்கில் 2.3.4.4பி என்ற கிளையைச் சேர்ந்த எச்5என்1 பரவத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிட்டது. 2021 டிசம்பரில் இஸ்ரேலின் ஹூலா பள்ளத்தாக்கில் சுமார் 8,000 பெருங்கொக்குகள் செத்தன. 2022இல் கிரீஸின் பிரெஸ்பா ஏரியில் டால்மேஷியன் கூழைக்கடாக்கள் 1,700க்கும் மேல். அதே ஆண்டின் இறுதியில் பெரு நாட்டுக் கடற்கரை, 2023இல் அண்டார்க்டிகாவை ஒட்டிய தெற்கு ஜார்ஜியா, 2024 தொடக்கத்தில் அண்டார்க்டிக் நிலப்பரப்பு என்று நோய் போய்க்கொண்டே இருந்தது. இனி அந்தப் பறவைகளை எச்சரிக்கை மணி என்று மட்டும் பார்க்க முடியாது. நோயாளியே அவைதான்.

பிரெஸ்பாவில் எத்தனை செத்தன என்று நமக்கு எப்படித் தெரிந்தது? அங்கே பல ஆண்டுகளாக அந்தக் கூழைக்கடாக்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். நோய் வந்த பிறகும் எண்ணினார்கள். ஸ்காட்லாந்தில் கிரேட் ஸ்குவா என்ற கடல்பறவையின் கதையும் இதுதான். உலகில் இருக்கிற கிரேட் ஸ்குவாக்களில் பாதிக்கும் மேல் கூடு கட்டுவது அங்கேதான். நோய்க்கு முன் எடுத்த கணக்கு கையில் இருந்தது. 2023இல் அதே இடங்களுக்குப் போய் மறுபடி எண்ணினார்கள். 76 சதவீதம் குறைந்திருந்தது. கரையில் பொறுக்கிய உடல்களை மட்டும் வைத்திருந்தால் இந்த எண் கிடைத்தே இருக்காது. கடல்பறவைகளில் கணிசமானவை கடலிலேயே செத்து அடித்துக்கொண்டு போய்விடும்.

ஸ்காட்லாந்தின் பாஸ் ராக் தீவில் இன்னொன்று நடந்தது. வடக்குக் கேனட் என்ற கடல்பறவையின் உலகிலேயே பெரிய குடியிருப்பாக அறியப்பட்டது அது. 2022 கோடையில் அங்கே நோய் புகுந்தது. கேனட்டின் கண்பாவையைச் சுற்றியிருக்கும் வளையம் வெளிர்நீலமாக இருக்கும். நோய் தணிந்த பிறகு, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த சில பறவைகளின் கண்கள் கருத்துப்போயிருந்ததை அங்கிருந்தவர்கள் கவனித்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால், எச்5 வைரஸுக்கு எதிர்ப்பொருள் இருந்தவற்றில் பெரும்பாலானவை கருங்கண்ணிகள். நோய் வந்து பிழைத்த பறவையைத் தொலைநோக்கியிலேயே அடையாளம் காண ஒரு வழி கிடைத்துவிட்டது. முதல் பாசிட்டிவ் வந்ததும் கோப்பை மூடிவிட்டு எல்லோரும் கிளம்பியிருந்தால் இது யார் கண்ணில் பட்டிருக்கும்? அந்தக் குடியிருப்பின் கேனட்களில் சிலவற்றுக்கு ஜிபிஎஸ் கருவி மாட்டியிருந்தார்கள். நோய்க் காலத்தில் அவை வழக்கத்துக்கு மாறாக வேறு குடியிருப்புகளுக்கும் போய் வந்தது அந்தக் கருவிகளில் பதிவாகியிருக்கிறது. நோய் ஏன் தீவுக்குத் தீவு தாவியது என்று யோசிக்க அது ஒரு துப்பு.

அடுத்து, எதை எண்ணுகிறோம் என்ற விஷயம். அன்னம் செத்தால் தெரியும். வெள்ளையாக, பெரிதாக, திறந்த நீரில் மிதக்கும். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கூட போன் செய்து சொல்வார். கிளுவை என்ற சிறு வாத்து செத்தால் நாணலுக்குள் ஒதுங்கிவிடும். இரவில் நரி தின்றுவிடும், இல்லை பருந்து தூக்கிப்போய்விடும். அந்தப் பருந்துக்கும் நோய் வரும், அது தனிக் கதை. ஆகவே செத்ததை மட்டும் வைத்துப் போட்ட வரைபடத்தில் அன்னங்களும் கழுகுகளும் நிறைய இருக்கும். அது நோயின் வரைபடமா, நம் பார்வையின் வரைபடமா என்று சந்தேகம் வருவதில் வியப்பில்லை. மல்லார்ட் போன்ற, நீரின் மேற்பரப்பில் இரைதேடும் வாத்துகளில் பல, வைரஸைச் சுமந்துகொண்டே ஒன்றும் ஆகாததுபோல நீந்தும். அவற்றைப் பிடித்துச் சோதித்தால்தான் தெரியும். உயிருள்ள பறவைகளில் மாதிரி எடுக்கும் திட்டத்துக்குத்தான் எப்போதும் முதலில் பணம் வெட்டப்படுகிறது. அதை வெட்டாதீர்கள் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மாதிரி எடுப்பதிலும் பழைய பழக்கம் ஒன்று பல இடங்களில் தொடர்கிறது. வீரியம் குறைந்த பறவைக் காய்ச்சல் வைரஸ்கள் பறவையின் குடலில் பெருகுபவை. அதனால் எச்சத்துளையில் பஞ்சுக்குச்சியைச் சுழற்றி எடுத்தால் போதும் என்றிருந்தது. இப்போதைய எச்5என்1 தொண்டையில்தான் கூடுதலாகக் கிடைக்கிறது. ஒரு குச்சியோடு முடித்துக்கொண்டால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். இரண்டு இடத்திலும் எடுக்கச் சொல்லுங்கள். செத்த பறவையில் மூளையிலும் வைரஸ் நிறைய இருக்கும்; தலை ஒருபக்கம் முறுக்கிக்கொண்டு, தண்ணீரில் வட்டமடித்தபடியே இருக்கிற வாத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று புரியும். முளைத்துவரும் இறகின் அடிக்குருத்தைப் பிடுங்கி அனுப்பினாலும் வேலை நடக்கும். எதை எடுத்தாலும் குளிர்ச்சி விட்டுப்போகாமல் ஆய்வகம் சேர வேண்டும். எடுப்பவருக்குக் கையுறை, முகக்கவசம், கண்ணாடி கொடுக்காமல் அனுப்பவே கூடாது.

நெகட்டிவ் முடிவுகளையும் வெளியிடுங்கள். ஒரு ஏரியில் ஐந்து பாசிட்டிவ் என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. ஐந்நூறில் ஐந்தா, ஐந்தில் ஐந்தா? இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நீங்கள் போய்ப் பார்த்து ஒன்றும் சாகவில்லை என்று திரும்பிய நாள்கூடத் தரவுதான். அந்தப் பூச்சியம் பதிவானால்தான், யாரும் போகாத ஏரியையும் நோயில்லாத ஏரியையும் பிரித்துப் பார்க்க முடியும். இப்போது வரைபடத்தில் இரண்டும் ஒரே வெறுமையாகத் தெரிகின்றன.

வைரஸின் மரபணு வரிசையை, நாளும் இடமும் இல்லாமல் தனியாகப் போட்டுப் பயனில்லை. 2021இன் இறுதியில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் எச்5என்1 தென்பட்டபோது, அது அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று விரைவில் சொல்ல முடிந்தது. காரணம், ஐரோப்பிய ஆய்வகங்கள் தங்கள் வரிசைகளைத் தேதியோடும் இடத்தோடும் ஏற்கெனவே பகிர்ந்திருந்தன. இதற்கு நேர்மாறாக, 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளில் நோய் வந்தபோது ஏப்ரலில் மொத்தமாக வெளியான வரிசைகளில் மாதிரி எடுத்த நாளும் மாநிலமும் இல்லை. நல்ல எண்ணத்தோடு சீக்கிரம் போட்டதுதான். ஆனாலும் எது முன்னே, எது பின்னே என்று தெரியாமல் ஆய்வாளர்கள் திண்டாடினார்கள். கட்டுரை வெளிவரும்வரை வரிசையைப் பூட்டிவைப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது! வலசைப் பறவை உங்கள் கட்டுரைக்காகக் காத்திருக்காது.

சொல்லத் தயக்கம் ஏன் என்பதும் புரியாமலில்லை. ஏற்றுமதி நின்றுபோகும் என்ற பயம். உலக விலங்குகள் சுகாதார அமைப்பின் விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன: காட்டுப்பறவைகளில் நோய் இருப்பதாக ஒரு நாடு அறிவித்தால், அதைக் காரணம் காட்டி அந்த நாட்டின் கோழிப் பொருள்களுக்கு மற்ற நாடுகள் தடை போடக்கூடாது. நடைமுறையில் இதை மதிக்காத நாடுகளும் உண்டு என்பீர்கள். உண்டுதான். அவர்களிடம் விதியைக் காட்டி வாதாடுவது வணிகத்துறையின் வேலை; அதற்காகச் செத்த பறவையைக் குறைத்துக் காட்டுவது உங்கள் வேலையாக ஆகக்கூடாது.

இன்னொரு பயம், செய்தி வெளியே போனால் மக்கள் பறவைகளை விரட்டுவார்கள், கூட்டைக் கலைப்பார்கள், ஏரியையே வற்றவைக்கச் சொல்வார்கள் என்பது. இந்தப் பயம் நியாயமானது. காட்டுப்பறவைகளைக் கொல்வதோ வாழிடத்தைக் கலைப்பதோ நோயைக் கட்டுப்படுத்தாது, சிதறடித்துப் பரப்பும் என்று இதற்கான சர்வதேச அறிவியல் பணிக்குழு நெடுநாளாகச் சொல்லிவருகிறது. உங்கள் முதல் செய்திக்குறிப்பிலேயே அந்த வரி இருக்கட்டும். மறைத்தால் வதந்தி வரும், வதந்திக்கு இந்த வரி தெரியாது.

உடல்களை அகற்றலாமா, வேண்டாமா என்ற கேள்வியும் எண்ணிக்கையில்தான் வந்து நிற்கிறது. 2022இல் நெதர்லாந்தில் சாண்ட்விச் ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. சில குடியிருப்புகளில் உடல்களை அப்புறப்படுத்தினார்கள், சிலவற்றில் விட்டுவிட்டார்கள். அப்புறப்படுத்திய இடங்களில் இறப்பு குறைவாக இருந்ததாகப் பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். தரையில் நெருக்கமாகக் கூடு கட்டும் ஆலாவுக்கு இது பொருந்தலாம். மனிதர் காலடி பட்டதும் கிளம்பி அடுத்த தீவுக்குப் போகிற பறவைக்கு இதே வேலை கேடாகவும் முடியலாம். இதில் எனக்கென்று உறுதியான கருத்து இல்லை. எந்த இனத்துக்கு எது சரி என்று சொல்ல, நாள்வாரியாக எண்ணிய கணக்கு இன்னும் பல இடங்களிலிருந்து வேண்டும்.

அப்புறம், உங்களுக்குள் இருக்கும் எல்லைக்கோடு. பறவை தண்ணீரில் செத்தால் ஒரு துறை, கரையில் செத்தால் இன்னொரு துறை, அதைத் தொட்டவருக்குக் காய்ச்சல் வந்தால் மூன்றாவது துறை. தகவல் சொல்ல அழைக்கிறவர் இந்த மூன்றுக்கும் நடுவில் பந்தாடப்படுகிறார். ஒரே எண், ஒரே ஆள் போதும். தகவல் தந்தவருக்கு முடிவு என்ன ஆனது என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். பதில் வராதவர் இரண்டாம் முறை அழைப்பதில்லை. செத்த பறவையைத் தொடக்கூடாது, படம் எடுத்து இடத்தை மட்டும் அனுப்பினால் போதும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. கால்வளையம் தெரிந்தால் அதன் எண்ணையும் கேளுங்கள்.

இதற்கெல்லாம் புதுத் திட்டமோ பெரிய நிதியோ வேண்டியதில்லை. இப்போது இருக்கிற படிவத்தில் நான்கு கட்டங்கள் கூட்டினால் ஆகும். சோதித்தவை எத்தனை என்பதிலிருந்து தனியாக, கண்ணால் பார்த்த மொத்த இறப்பு. இனத்தின் பெயரோடு வளர்ந்ததா குஞ்சா என்பது. பக்கத்தில் உயிரோடு இருந்த கூட்டம் தோராயமாக எவ்வளவு என்பது. கடைசியாகப் போய்ப் பார்த்த நாளும், அன்று இறப்பு இல்லையென்றால் ஒரு பூச்சியமும். இரண்டாவது கட்டத்தைச் சும்மா கேட்கவில்லை. கேனட் ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும், முதல் முட்டைக்கே ஐந்து வயதுபோல ஆகிவிடும். குஞ்சுகள் ஒரு பருவம் செத்தால் ஈடுகட்டிவிடலாம். வளர்ந்தவை செத்தால் மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பழைய கோப்புகளில் கள ஊழியர்கள் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்த எண்களும் இருக்கும். அவற்றையும் தேடி எடுத்து, தோராயம் என்ற குறிப்போடு வெளியிடுங்கள்.

அடுத்த வலசைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே இந்தப் படிவத்தைக் கள அலுவலகங்களுக்கு அனுப்பிவிடுங்கள். நிரப்பிக் கொடுக்க எங்களைப் போன்ற தன்னார்வலர்கள் தயார். யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
நீர்ப்பறவைகளை எண்ணும் ஒருவர்