பாரன் தீவுக்குக் கிளம்பும் முரளிக்கு

அன்புள்ள முரளி,

அந்தமான் போனால் எரிமலையைப் பார்க்காமல் திரும்பமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அங்கே பாராடங் தீவில் ஒரு மேட்டில் சேறு குமிழி விடும். அதையும் எரிமலை என்றுதான் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். மண்ணுக்கடியில் சேர்ந்த வாயு தள்ளிவிடும் சேறுதான் அது. ஏமாந்துவிடாதே.

நீ தேடுவது பாரன் தீவு. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 138 கிலோமீட்டர். ஆள் நடமாட்டமே கிடையாது, ஆடுகள் மட்டும் உண்டு. சுற்றுலாப் பயணிகளைக் கரையிறங்க விடமாட்டார்கள், படகிலிருந்தே பார்க்க வேண்டும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. தீவின் மூன்று பக்கமும் பழைய எரிமலை வாயின் சுவர் எழுந்து நிற்கிறது. மேற்கே மட்டும் இடிந்து திறந்திருக்கிறது. அந்த இடைவெளி வழியாகப் பார்த்தால், விளிம்பு உடைந்த அண்டாவுக்குள் கரி குவித்ததுபோல் நடுவில் கூம்பு தெரியும். அங்கிருந்து கறுத்து உறைந்த எரிகுழம்பு கடல்வரை இறங்கியிருக்கும். அதனால் படகை மேற்குப் பக்கம் நிறுத்தச் சொல். வேறு பக்கம் நின்றால் பச்சைக் காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

1787-ல்தான் இது வெடித்ததற்கான முதல் பதிவு. அடுத்த சில பத்தாண்டுகள் விட்டுவிட்டுப் புகைந்தது. பிறகு நூறாண்டுக்கும் மேலாகச் சத்தமே இல்லை. செத்த மலை என்றே பலரும் நினைத்திருப்பார்கள். 1991-ல் விழித்துக்கொண்டது. அப்போது வழிந்த குழம்பு கடலிலேயே போய் விழுந்தது. 1994-லும் 2005-லும் மறுபடி வெடித்தது.

2005-ல் வெடித்ததும் 'சுனாமிதான் கிளப்பிவிட்டது' என்று பேச்சு. நான் அப்படி அவசரப்பட மாட்டேன். 1991-ல் எந்த சுனாமி வந்தது? எரிமலை, சுனாமி இரண்டுக்கும் வேர் ஒன்று, அவ்வளவுதான். பூமியின் மேலோடு பெரிய பெரிய பாறைத் தட்டுகளாகக் கிடக்கிறது. அதில் இந்தியத் தட்டு பர்மாத் தட்டுக்கடியில் செருகிக்கொண்டே போகிறது. ஆழத்தில் அது கக்கும் நீர், மேலிருக்கும் சூடான பாறையை உருக வைக்கிறது. உருகியது மேலே ஏறி எரிமலையாகிறது. அதே செருகல் சிக்கி, இறுகி, ஒருநாள் சட்டென்று வழுக்கியதுதான் 2004 டிசம்பர் 26.

2017 ஜனவரியில் தேசியக் கடலியல் நிறுவனத்தாரின் ஆய்வுக் கப்பல் பக்கத்தில் இருந்தபோதே மலை கக்கியிருக்கிறது. பகலில் வெறும் சாம்பல் மேகம். பொழுது சாய்ந்ததும் சிவப்பு ஊற்று. அதனால் இருட்டும்வரை நிற்கும் படகு கிடைத்தால் கூடுதல் காசு கேட்டாலும் கொடு. நான் போனபோது புகை மட்டும்தான், உனக்கும் அதுவே வாய்க்கலாம்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் வேண்டாம், கடல் புரட்டி எடுத்துவிடும். அவோமின் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

அன்புடன்,
குமார்