ஓலை வாசித்தால் ஓய்வூதியம் நிற்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

கைம்பெண் மறுமணத்துக்கு அரசு தரும் உதவித்தொகையையும் எட்டு கிராம் தங்க நாணயத்தையும் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை, அண்ணன் மனைவியான என் மைனிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வரை கேட்டவர், "தங்கம் ஒருமுறைதான் தருவார்கள். மாதாமாதம் வருவதை நிறுத்திவிடுவார்களே, அதை எழுதியிருக்கிறார்களா?" என்று கேட்டார். மறுமணம் செய்தால் கைம்பெண் ஓய்வூதியம் நின்றுபோகும் என்பதை எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

என் அண்ணன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மைனிக்கு இப்போது 48 வயது. கருங்கல் பக்கம் ஒரு முந்திரி ஆலையில், எங்கள் பேச்சில் அண்டி ஆபீஸில், ஓடு உடைக்கிறார். ஆலை திறந்திருக்கும் நாளில் கூலி உண்டு, மூடியிருந்தால் இல்லை. அண்டி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார்கள், ஆனாலும் விரல் கருத்து, ரேகை தேய்ந்துபோகும். ஓய்வூதியப் பணம் கொண்டுவரும் வங்கி முகவரின் கருவியில் மைனி கட்டைவிரலை வைத்தால் முதல் முறையில் ஏற்றுக்கொண்டதே இல்லை. சேலைத் தலைப்பில் துடைப்பார், வாயால் ஊதுவார், மறுபடி வைப்பார். நாலாவது ஐந்தாவது முறையில் ஏற்றுக்கொண்டால் அன்றைக்கு அவர் முகமே மாறிவிடும். 1,200 ரூபாய். 2023 ஆகஸ்டுக்கு முன்பு 1,000 ரூபாயாக இருந்தது. பிரஷர் மாத்திரை, மகனின் பஸ் செலவு, போன் ரீசார்ஜ் எல்லாம் இதற்குள்தான்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டும் ஒருவர் மைனியை மணந்துகொள்ள விரும்புகிறார். மனைவியை இழந்தவர், மகனுக்குக் கல்யாணம் முடித்துவிட்டவர். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் சம்மதம். இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து திண்ணையில் உட்கார்ந்து ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் பஸ்ஸுக்கு எழுந்துவிடுகிறார். இதற்கு மேல் இந்த உறவு ஓர் அடி நகரவில்லை. குறுக்கே நிற்பது ஊரோ சாதிசனமோ அல்ல, அந்த 1,200 ரூபாய்தான்.

விதி தெளிவாகவே இருக்கிறது. தேசிய விதவை ஓய்வூதியத் திட்டத்தில் 40 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய், மீதி மாநில அரசுடையது. மறுமணம் செய்துகொண்டால் ஓய்வூதியம் நிறுத்தப்படும். எங்கள் கோயிலில் (சர்ச்சில்) மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்துவிட்டால் சபை மக்கள் அத்தனை பேருக்கும் செய்தி தெரியும், பிறகு அலுவலகத்துக்குத் தெரிய எத்தனை நாள் வேண்டும்? கல்யாணம் செய்யாமல் ஒரே வீட்டில் இருந்தால் என்ன என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. விதியில் மறுமணம் என்றுதான் இருக்கிறது, சேர்ந்து வாழ்வது என்று இல்லை என்பார்கள். ஆனால் போன ஆண்டு விசாரணைக்கு வந்த ஓர் அலுவலர், பக்கத்து வீட்டார் கேட்கும்படியாக, "ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆள் யார்?" என்று மைனியிடம் கேட்டார். அன்று இரவு மைனி சாப்பிடவில்லை. சாயா குடிக்க வந்தவருக்கே இந்தக் கேள்வி என்றால், கூடத் தங்கினால் என்னவெல்லாம் கேட்பார்கள்?

கணவன் வந்துவிட்டால் வருமானமும் வந்துவிடும் என்ற நினைப்பில் இந்த விதியை எழுதியிருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தை அறிந்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மண் இது. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. இலை உதிரும் மாதங்களில் மரத்துக்கு ஓய்வு, வெட்டுகிறவருக்குப் பட்டினி. அந்த வீட்டுக்கு மைனி கையில் ஒன்றுமில்லாமல் போய், மாத்திரைக்கும் மருமகளிடம் கை நீட்ட வேண்டுமா? ரேஷன் அட்டையிலும் இதே கதைதான். மகளிர் உரிமைத்தொகை ஓர் அட்டைக்கு ஒரு பெண்ணுக்கு மட்டும். அந்த வீட்டில் அதை மருமகள் வாங்குகிறார். மைனி பெயர் அந்த அட்டையில் ஏறினால் அந்த வழியும் அடைபடும்.

மத்திய அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதிய விதியை ஆசிரியர் அறிந்திருப்பீர்கள். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, குழந்தை இல்லாத கைம்பெண் மறுமணம் செய்தாலும், அவருடைய சொந்த வருமானம் ஒரு வரம்பைத் தாண்டாத வரை குடும்ப ஓய்வூதியம் தொடர்கிறது. அங்கே அந்தப் பெண்ணின் வருமானத்தைப் பார்க்கிறார்கள், கழுத்தைப் பார்ப்பதில்லை. நியாயமான விதி. ஊழியரின் மனைவிக்குப் பொருந்தும் இந்த நியாயம் அண்டி உடைக்கும் பெண்ணுக்கு ஏன் பொருந்தாது? வருங்கால வைப்பு நிதியின் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில்கூட, மறுமணம் செய்தால் தாய்க்கு நின்றுபோகும் பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகளுக்கு அநாதைப் பிள்ளைகளுக்குரிய உயர்ந்த விகிதத்தில் ஓய்வூதியம் கிடைக்கும். இது தெரியாமல் மனுவே போடாத தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் இதழ் இதையாவது விளக்கி எழுத வேண்டும்.

வெளிநாட்டு உதாரணம் சொன்னால்தான் காது கொடுப்பார்கள் என்றால், அதுவும் இருக்கிறது. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் 60 வயதுக்குப் பிறகு மறுமணம் செய்யும் கைம்பெண் முதல் கணவர் வழியாக வரும் தொகையை இழப்பதில்லை. பிரிட்டன் வழி வேறு. அங்கே குறைந்த வருமானக்காரர்களுக்கு உதவும் யூனிவர்சல் கிரெடிட் திட்டத்தில் கல்யாணம் ஆகாவிட்டாலும் தம்பதிபோல் ஒரே வீட்டில் வாழ்ந்தால் இருவரும் சேர்ந்தே மனுச் செய்ய வேண்டும். 2025-26இல் 25 வயது தாண்டிய தனி ஆளுக்கு மாதம் 400.14 பவுண்டு, இருவருக்கும் சேர்த்து 628.10 பவுண்டு. தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவுதான், அங்கும் இதைப் பற்றி மனக்குறை உண்டு. ஆனாலும் இந்தத் திட்டத்தில், துணை தேடிக்கொண்டாள் என்பதற்காக மட்டும் ஒரு பெண்ணின் பங்கை ஒரேயடியாகத் துடைத்துவிடுவதில்லை.

நாங்கள் கேட்பது பெரிய காரியம் அல்ல. 45 வயது கடந்த கைம்பெண் மறுமணம் செய்தால், அந்த வீட்டின் வருமானத்தைப் பார்த்து ஓய்வூதியத்தைத் தொடரட்டும். அதைவிட இளையவர்களுக்கு இரண்டு ஆண்டாவது கொடுத்துப் பிறகு நிறுத்தட்டும். எதைச் செய்தாலும் எழுத்தில் முன்கூட்டியே தெரிவிக்கட்டும், திண்ணையில் நின்று விசாரிக்க வேண்டாம். அந்த மறுமணமும் முறிந்தாலோ, அவரும் இறந்தாலோ, முதலிலிருந்து மனு, விசாரணை என்று அலையவிடாமல் பழைய எண்ணிலேயே பணத்தைத் திருப்பித் தரட்டும்.

ஊருக்குத் தெரியாமல் சேர்ந்திருங்கள், பணத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்பவர்களுக்கு மைனி ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்: "ஒளித்து வாழ்வதற்கு நான் என்ன தப்புச் செய்தேன்?"

ஈஸ்டர் முடிந்ததும் ஓலை கொடுக்கலாமா என்று போன ஞாயிற்றுக்கிழமை குலசேகரத்துக்காரர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். மைனி இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.