பெரியவனுக்கு, கடலை மூட்டையோடு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ, கௌரி, பிள்ளைகள் நலமா?

போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி ரெண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். எதிர்வீட்டுத் தம்பியின் லாரி நாளைக்கு ஓசூர் தாண்டி லோடு இறக்கப் போகிறது, கடலை மூட்டையை அதில் ஏற்றி, இதை மேலாகவே வைத்திருக்கிறேன். கௌரி முதலில் எடுத்துப் படித்தாலும் பரவாயில்லை, அவளுக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். கடலை ஆடிப் பட்டத்தில் போட்டது, இன்னும் ஈரம் போகவில்லை, வந்த அன்றைக்கே மொட்டை மாடியில் பரப்பிவிடு. மூட்டையாகவே மூலையில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். போன வருஷம் அப்படித்தான் பாதி வீணானது, அதை நான் பெரிதாகச் சொல்லவில்லை.

தீபாவளிக்கு வராததைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. போனஸ் வரவில்லை என்றாய், பஸ்ஸில் இடமில்லை என்றாய், சின்னவனுக்கு ஜுரம் என்றாய். ஒரே காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். உங்கப்பா உனக்காக வாங்கி வைத்த வேட்டி பீரோவில் இருக்கிறது. அதிரசத்தில் உன் பங்கைத் தம்பிதான் தின்றான், அவன் ஒன்றும் மிச்சம் வைக்கிறவன் இல்லை என்பது உனக்கே தெரியும்.

பாப்பா போன வாரம் போனில், இப்பல்லாம் மத்தியானச் சாதம் அப்பாதான் வைக்கிறார், குக்கர் ஏழு விசில் போனது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆம்பிளைப் பிள்ளை சமைப்பது நல்லதுதான், உங்கப்பாவுக்கு வெந்நீர் வைக்கக்கூட வராது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும்படி கம்பெனியில் சொல்லியிருப்பார்கள். அப்படியும் ஒரு ஏற்பாடு உண்டாமே. டிவியில் பெங்களூர் கம்பெனிகளைப் பற்றி ஏதேதோ ஓடுகிறது, அந்த நேரத்தில் நான் சேனலை மாற்றிவிடுவேன். ஆனால் அவள் அதோடு விடவில்லை, "ஞாயித்துக்கிழமை நாங்க எங்கேயுமே போறதில்லை ஆயா, அப்பா படுத்தே இருக்கார்" என்றாள். அதுதான் எனக்கு ரெண்டு நாளாகத் தூக்கமில்லை.

சரி, அதை விடு. நான் எழுத வந்தது இதுதான். பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போ. மாலுக்குப் போக வேண்டியதில்லை, கார்டைத் தேய்க்க வேண்டியதும் இல்லை. ஸ்ரீராமபுரத்தில் ஒற்றை ரூமில் உங்கள் ரெண்டு பேரையும் வளர்த்தவள் நான், பெங்களூரில் காசில்லாமல் எங்கே போவது என்று எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம்.

முதலில் பசவனகுடி கடலைக்காய் பரிஷே, அதுதான் கடலைத் திருவிழா. கார்த்திகை கடைசி சோமவாரம். கன்னடக்காரர்களுக்குத் தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே கார்த்திகை பிறந்துவிடும், நமக்கோ அப்போது ஐப்பசி நடந்துகொண்டிருக்கும், நம்ம காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டாயானால் எல்லாம் முடிந்த பிறகு போய் நிற்பாய். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரைக் கேட்டுக்கொள். பெரிய நந்தி கோயில் தெருவெல்லாம் கடலைக் குவியலாக இருக்கும், நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்களே மூட்டையோடு வந்து நடைபாதையில் கொட்டி உட்கார்ந்திருப்பார்கள். பேச்சை வைத்தே எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடலாம். ராத்திரியில் காளை ஒன்று வந்து கடலைக் காட்டை மேய்ந்துவிட்டுப் போகுமாம், அதைச் சாந்தப்படுத்தத்தான் முதல் விளைச்சலை நந்திக்கு வைக்கிறார்கள் என்று கதை. கெம்பகவுடா கட்டின கோயில் என்பார்கள். உள்ளே அந்த ஒற்றைக்கல் நந்தி இருபது அடி நீளம், சின்னவன் பார்த்தால் வாயைப் பிளப்பான். ராட்டினம் இருக்கும், ஆளுக்கு ஒரு தடவை ஏற்றிவிடு, அதற்கு மேல் கேட்டால் அடுத்த வருஷம் என்று சொல். கடலை மட்டும் வாங்காதே. இங்கிருந்து மூட்டையே வருகிறது, அவித்து ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போ. கடலை விற்கிற இடத்தில் வீட்டுக் கடலையைத் தின்றால் யாரும் அடிக்க மாட்டார்கள்.

போவதற்கு மெட்ரோ இருக்கிறது என்பாய். உங்கள் எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரைக்கும் 2025 ஆகஸ்டில் மஞ்சள் லைன் விட்டது எனக்கும் தெரியும். ஆர்.வி. ரோட்டில் மாறி நேஷனல் காலேஜ் ஸ்டேஷனில் இறங்கினால் பசவனகுடிக்கு நடந்தே போகலாம். ஆனால் அதே வருஷம் பிப்ரவரியில் கட்டணத்தை ஏற்றி, 60 ரூபாயாக இருந்த உச்சக் கட்டணத்தை 90 ஆக்கிவிட்டார்கள். நாலு பேர் போக வர என்று போட்டுப் பார். பஸ்ஸில் போ. பெண்களுக்கு 2023 ஜூனிலிருந்து சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இல்லையே, கௌரிக்கு ஆதாரில் பெங்களூர் முகவரி மாற்றச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன், மாற்றினாளா? கர்நாடக முகவரி இல்லாவிட்டால் காசு வாங்கிவிடுவார்கள். எனக்கு இங்கே டவுன் பஸ் சும்மா, அவளுக்கு அங்கே சும்மா, நடுவில் ஓசூரும் அத்திப்பள்ளியும் தாண்டுவதற்குத்தான் காசு. அதனால்தான் மாமியாரும் மருமகளும் பார்த்துக்கொள்வதே இல்லை போலிருக்கிறது.

அப்புறம் லால்பாக். நீ வளர்ந்த இடம், உனக்குத் தெரியாததில்லை, ஆனால் உன் பிள்ளைகளை ஒரு தடவையாவது கூட்டிக்கொண்டு போனாயா? கண்ணாடி மாளிகைக்கு 1889-ல் அடிக்கல் போட்டது, தோட்டம் 1760-ல் ஹைதர் அலி ஆரம்பித்தது என்று நீ ஐந்தாம் வகுப்பில் கட்டுரை எழுதி வாசித்துக் காட்டினது எனக்கு இன்னும் மனப்பாடம். நம்ம கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைக் கையில் வைத்திருந்த அதே ஹைதர் அலிதான் என்று உங்கப்பா சொல்ல, அதையும் கட்டுரையில் சேர்த்தாய், வாத்தியார் அடியில் "வெரி குட்" போட்டிருந்தார். அந்த நோட்டு இங்கே பரண் மேல் இருக்கிறது. நம்ம தெருவில் முதல் இன்ஜினியர் நீ. அதை யாரும் எடுத்துவிட முடியாது, எந்தக் கம்பெனியும் எடுத்துவிட முடியாது.

இப்போது டிக்கெட் வைத்திருக்கிறார்கள், ஆனால் விடிகாலையில் நடக்கப் போகிறவர்களைக் கேட்பதில்லை. சீக்கிரமாகப் போய்விடு. கெம்பகவுடா கோபுரம் நிற்கிற பாறையில் ஏற்றிவிடு, 300 கோடி வருஷத்துப் பாறை என்று பலகையே இருக்கிறது, அதில் சறுக்கிச் சறுக்கித்தான் உன் டவுசர் எல்லாம் கிழிந்தது. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் மலர்க் கண்காட்சி போடுவார்கள், அப்போது கூட்டம் சாயும், கிழமை நாளில் போ. கிழமை நாளில் உன்னால் முடியும்தானே. சரி, முடிந்தால் போ.

ஞாயிறு தவறாமல் நாம் லால்பாக் போனது உனக்கு நினைவிருக்கும். தம்பி இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்வான், எங்கம்மா ஒரு வாரம் கூட விட்டதில்லை என்று. எதற்குப் போனோம் என்று உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. வீட்டுக்காரர் வாடகைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வருவார். மில்லில் சம்பளம் நின்றுபோன வருஷம் அது. அவர் வருவதற்குள் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், அதனால்தான் இருட்டிலேயே உங்களை எழுப்பி, புளிசாதம் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் கூட நிற்காமல் நடந்தே போனது. நீங்கள் ரெண்டு பேரும் பாறை மேல் ஓடிக்கொண்டிருப்பீர்கள். நானும் உங்கப்பாவும் அந்தப் பூக்கடிகாரத்துக்கு எதிரில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருப்போம். பதினொன்று தாண்டிவிட்டால் அவர் போயிருப்பார், திரும்பலாம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ள மாட்டோம். உங்கப்பா புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிறு பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தால் மனிதர் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். தம்பி தூங்கிக்கொண்டு உங்கப்பா தோளில், உன் கையில் காற்றாடி. நீ அவரிடம் ஓடிப்போய் "அங்கிள், நாங்க லால்பாக் போனோமே" என்றாய். அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் உங்கப்பாவுக்குத் தெரியாமல் நான் அவர் வீட்டுக்கே போய், மில் நிற்கிறது, நாலு மாசம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "இதை முதல் மாசமே சொல்லியிருந்தா நானும் ஞாயித்துக்கிழமை வீட்ல படுத்திருப்பேனேம்மா" என்றார். அப்புறம் நாம் ஊருக்குத் திரும்பும் வரைக்கும் அவர் ஒரு தடவை கூடக் கடுத்துப் பேசவில்லை. வாடகையை ஊருக்கு வந்த பிறகு புளி விற்றுக் கொடுத்தோம், முழுசாகக் கொடுத்தோம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒன்றுமில்லை, லால்பாக் என்று எழுதினதும் நினைவு வந்தது. உங்கப்பாவிடம் நீ கேட்காதே. நான் அன்றைக்குப் போனது அவருக்கு இன்னும் தெரியாது.

மார்கழி முடிவதற்குள் குமாரகிருபா ரோட்டில் சித்திரச் சந்தை போடுவார்கள், ஜனவரி முதல் வாரத்தில் ஒரு ஞாயிறு, தெரு முழுக்கப் படம்தான். பார்ப்பதற்குக் காசில்லை. பாப்பா நன்றாக வரைகிறாள், அவளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ, வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்கிற பிள்ளை இல்லை அவள். வெறும் பார்வைக்கே ஒரு பகல் போய்விடும். அவரைக்காய் மேளா என்று ஒன்று நடத்துகிறார்கள், அங்கே போய் ஏமாறாதே, தட்டுக்கு அவ்வளவு காசு. நம்ம வரப்பிலேயே காய்க்கிறது, பனிக்கு நன்றாகக் கொட்டை பிடித்ததும் பிதுக்கம்பருப்பாகவே உரித்து அனுப்புகிறேன். பொங்கலுக்கு நீங்கள் இங்கே வந்துவிட வேண்டும். வரவே முடியாது என்றால் சங்கராந்தி சாயங்காலம் கவிகங்காதரேஸ்வரர் கோயிலுக்காவது போ, நந்தியின் ரெண்டு கொம்புக்கும் நடுவில் புகுந்து வெயில் லிங்கத்தின் மேல் விழும். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பார்த்திருக்கிறேன், கூட்டத்தில் வெயிலை விட முதுகுகளைத்தான் அதிகம் பார்த்தேன்.

கன்னடக்காரர்களின் சைத்ர மாசத்துப் பௌர்ணமியை ஒட்டி திகளர்பேட்டையில் கரகம். தர்மராயர் கோயில், நம்ம பக்கத்துத் திரௌபதியம்மன்தான் அங்கேயும். பாரதக் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருப்பாயே, அந்த மாதிரி ராத்திரி முழுக்க ஊர்வலம், மஸ்தான் தர்காவுக்குள் போய்விட்டுத்தான் திரும்பும். அதற்குள் எல்லாம் சரியாகிவிடும். எல்லாம் என்று நான் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவருக்குப் பூசணிக்காய் விளக்குப் போட்டேன். எதற்கு என்று அர்ச்சகர் கேட்டார், பையன் பேருக்கு என்று மட்டும் சொன்னேன். உன் நட்சத்திரத்தைச் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது, பனிக்காலம், வேறொன்றுமில்லை.

தம்பி வாரம் ஒரு தடவையாவது பேசுகிறான். நீ பேசாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை, நீ சின்னதிலிருந்தே அப்படித்தான், முட்டியில் ரத்தம் ஒழுகினாலும் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு வருவாய். ஆனால் கௌரியிடம் சொல்லியிருக்கிறாய்தானே? அவளிடமும் சொல்லாமல் காலையில் எங்காவது கிளம்பிப் போகிறாயோ என்று ஒரு ராத்திரி நினைப்பு வந்துவிட்டது. பாப்பா குக்கர் கதை சொன்ன பிறகுதான் அது போனது. வீட்டில் இருக்கிறாய், அது போதும்.

பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை படுத்திருக்காதே. கார்டை மட்டும் தேய்க்காதே, அந்த வட்டி கந்துவட்டியை விட மோசம் என்று தம்பி சொல்கிறான்.

தக்காளி இந்தத் தடவை பாலக்கோடு மார்க்கெட்டில் தேறியது, உங்கப்பா கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. டிராக்டர் ஆள் கேட்கிறார், நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். பாப்பாவுக்கு அடுத்த டெர்ம் ஃபீஸ் எவ்வளவு, கடைசித் தேதி எப்போது? மற்றது எதையும் நான் கேட்கவில்லை, இதற்கு மட்டும் வியாழக்கிழமைக்குள் பதில் சொல். அதற்கு மேல் அந்தப் பணத்தை உங்கப்பாவிடமிருந்து காப்பாற்ற என்னால் முடியாது.

இப்படிக்கு,
அம்மா