கடற்பறவைகளைக் கலைத்துப் படமெடுக்க வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் சில வாரங்களுக்கு முன்னர் நிலாவெளிக் கடலில் எடுக்கப்பட்ட ஒளிப்படமொன்று அரைப்பக்க அளவில் வெளியாகியிருந்தது. பாறையொன்றில் இருந்த ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் அத்தனையும் ஒரே வேளையில் இறகடித்து மேலெழும் காட்சி அது. நானும் அதை வெட்டி எடுத்து வைத்தேன். ஆனால் இந்தச் சோளகப் (தென்மேற்குக் காற்று) பருவத்தில் இரண்டு தடவை சிறு குழுவாகப் படகேறிப் பறவைகளைப் படமெடுக்கப் போய்வந்த பின்னர், இத்தகைய படங்கள் எவ்வாறு கிடைக்கக்கூடும் என்பதைக் கண்ணாரக் கண்டுவிட்டேன். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

முதல் தடவை நாங்கள் ஆறு பேர். உப்புவெளிக் கரையிலிருந்து விடியும் முன்னரே பைபர் படகில் புறப்பட்டோம். படகோட்டி வாடைக் காலத்தில் கடற்றொழிலுக்குப் போகாத நாட்களில் வலை பின்னுபவர். கடல் அடங்கிய மாதங்களில் உல்லாசப் பயணிகளை ஏற்றுபவர். புறாமலைத் தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்திலேயே இருக்கிறது என்பதால் எல்லாப் படகுகளும் கரையைப் பார்த்த மணற்பக்கத்துக்கே நேராக ஓடுகின்றன. இவரோ தீவைச் சுற்றிக்கொண்டு கடற்பக்கம் போனார். சூரியன் கடலிலிருந்து எழும் இந்தக் கரையில், காலை வெளிச்சம் நமது முதுகுக்குப் பின்னால் விழ வேண்டுமானால் தீவுக்குக் கிழக்கேதான் நிற்க வேண்டும் என்பது கமராவைத் தொட்டிராத அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. பாறைக்கு வெகுதூரம் முன்னரே இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நீரோட்டம் படகைக் கொண்டுபோகும்படி விட்டார். "இதுகள்தான் சேர் எங்களுக்கு மீன் காட்டுறது, பயப்படுத்தக் கூடாது" என்றார். சூரை மீன் கூட்டம் அடியிலிருந்து துரத்தச் சிறு மீன்கள் மேலே துள்ளுவதும், ஆலாக்கள் வந்து விழுவதும், அதைக் கண்டு வள்ளங்கள் அத்திசைக்குத் திரும்புவதும் நமது கடற்றொழிலாளரின் அன்றாட அறிவு.

அன்று எனக்குக் கிடைத்த மிக நல்ல படம் புறாமலையில் எடுத்ததே அல்ல. மேலும் வெளியே, ஆழ்கடற் பக்கமாக, பாசி படர்ந்த மரத்துண்டு ஒன்று மிதந்து வந்தது. அதன் மீது ஓர் ஆலா தனியே குந்தியிருந்தது. அலை தூக்கும்போது கால்களைச் சற்று அகட்டியும், இறங்கும்போது கழுத்தை உள்ளிழுத்தும் அது தன்னைச் சமப்படுத்திக்கொண்டிருந்ததை நாங்கள் கால்மணி நேரம் பார்த்திருந்தோம். நெற்றியின் வெண்மை புருவம் போல ஒடுங்கிக் கண்ணுக்குப் பின்னாலும் நீண்டிருந்தது. அதனோடு எளிதில் மாறாட்டமாகிவிடும் கரிய முதுகுள்ள இன்னோர் ஆலா இனத்தில் அந்த வெண்மை கண்ணோடு நின்றுவிடும். அமைதியாக இருக்கும் பறவையின் படத்தில்தான் இப்படியான வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது தடவை, நாங்கள் அதேபோல இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றபோது, பன்னிரண்டு பேர் வரை ஏறியிருந்த வேறொரு படகு முழு வேகத்தில் பாறையை நோக்கி வந்தது. பறவைகள் எழாததைக் கண்டு ஒருவர் கைதட்டினார். இன்னொருவர் பாண் துண்டுகளை வீசினார். கொண்டை ஆலாக்கள் எல்லாம் கலைந்தன. கமராக்கள் சடசடத்தன. மூன்று நிமிடங்களில் படகு போய்விட்டது. ஆலா பாண் தின்னும் பறவையல்ல. அந்தப் பாணுக்கு வந்து சேர்ந்தவை காகங்களே. கூடுள்ள பாறையொன்றிற்குக் காகத்தை அழைத்துவருவது என்றால் என்னவென்று கோழி வளர்க்கும் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. கொண்டை ஆலா போன்றவை வெறும் தரையில் பெரும்பாலும் ஒரேயொரு முட்டையை இடுபவை. தாய்ப்பறவை எழுந்து பறந்தால் அந்த முட்டை உச்சிவெயிலுக்கும் காகத்துக்கும் இலக்காகிவிடும். அந்தப் பாறையில் அன்று கூடுகள் இருந்தனவென்று நான் கூற வரவில்லை. ஆனால் கைதட்டியவரும் அதைப் பார்த்துவிட்டுத் தட்டவில்லை.

படக்கலை என்ற அளவில் பார்த்தாலும் அந்த முயற்சியில் பயனில்லை. கலைந்தோடும் பறவை நமக்கு முதுகையும் வாலையுமே காட்டும். தானாகப் பறந்து திரியும் பறவையோ, படகு அசையாது கிடந்தால், பலமுறை நம் பக்கமாகவே வரும். ஒரு செக்கனில் 2000 இல் ஒரு பங்கு என்ற அளவுக்குக் கமரா மூடியின் வேகத்தை வைத்து, வெள்ளை இறகு வெளிறிப்போகாதபடி ஒளியளவைக் கவனித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடித்திருந்தாலே போதும். முக்காலி படகில் உதவாது. இயந்திரத்தின் அதிர்வை அப்படியே கமராவுக்கு ஏற்றிவிடும். உப்புத்துளி பட்ட வில்லையை உலர்ந்த சாரத் தலைப்பால் துடைத்துக் கீறலாக்கிக்கொண்டவர்களுள் நானும் ஒருவன் என்பதால், நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியொன்றைக் கொண்டுபோகுமாறும் சொல்லிவைக்கிறேன்.

புறாமலை 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கு வாழும் மாடப்புறாக்களே அதற்குப் பெயர் தந்தன. வெள்ளையர் காலத்தில் அது துப்பாக்கிச் சுடுதளமாக இருந்த கதையையும் நாம் அறிவோம். இன்று முருகைக்கற்களை மிதிக்க வேண்டாமென்று வருவோருக்கு அறிவுறுத்தப்படுகிறது. அது மிகவும் தேவையானதே. பறவைகளைப் பற்றி மட்டும் நான் போன இரண்டு தடவையும் எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. திமிங்கிலங்களைப் பார்க்கச் செல்லும் படகுகள் எவ்வாறு நெருங்க வேண்டுமென்பதற்கு 2012 இலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. அதே படகுகள்தாம், பெரும்பாலும் அதே பயணத்தில், பறவைகளிடமும் செல்கின்றன. எனவே பருவம் தொடங்கும் முன்னர் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் படகுச் சங்கத்தினரை அழைத்து, பறவைகள் தங்கும் பாறைகளுக்கு எவ்வளவு தூரத்தில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பதை அவர்களோடு பேசித் தீர்மானித்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் படகுகளில் ஒட்டச் செய்ய வேண்டும். பறவை தலையை நிமிர்த்தி அங்குமிங்கும் பார்க்கத் தொடங்கினால் அதற்கு மேல் நெருங்கக் கூடாது என்பது எங்கள் படகோட்டி கைக்கொள்ளும் கணக்கு. விதி எழுதுவோர் அவரைப் போன்றவர்களிடமும் கேட்டறிவது நல்லது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த அரைப்பக்கப் படத்தை எடுத்தவரை நான் குறைகூறவில்லை. பறவைகள் தாமாகவே எழுந்திருக்கவும் கூடும். ஆயினும் இனிமேல் வாசகர்கள் அனுப்பும் பறவைப் படங்களைப் பிரசுரிக்கும்போது, அவை எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த நிலையில் எடுக்கப்பட்டன என்று கேட்டு ஒரு வரி சேர்த்தால் படமெடுக்கச் செல்வோர் யோசிப்பார்கள்.

மரத்துண்டில் இருந்த ஆலாவின் படத்தை இத்துடன் இணைத்துள்ளேன். பிரசுரிக்கத் தகுதியானதென்று கருதினால், ஏறத்தாழ 20 மீற்றர் தூரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும், நாங்கள் விலகிச் சென்ற போதும் பறவை மரத்தை விட்டு எழவில்லை என்பதையும் படக்குறிப்பில் சேர்த்துக்கொள்ளவும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.