ஆகாரின் கடவுளைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஞாயிறு பாடசாலையும் மறைக்கல்வியும் நடத்தும் ஆசிரியர்களுக்கும், அவர்களை வழிநடத்தும் போதகர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் அன்பு வணக்கம்.

நான் மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கர்த்தர் என்றும் ஆண்டவர் என்றும் இரண்டு விதமாகவும் கூப்பிட்டுப் பழகிய வாய் இது. கல்லடியில் 19 வருடமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து வருகிறேன். ஆகவே இந்த மடலில் பிழை என்று நான் சொல்லப்போகிறவற்றை வெளியே நின்று சொல்லவில்லை. அவற்றில் பலவற்றை நானே வருடக்கணக்காகச் செய்திருக்கிறேன்.

போன தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. பாடம், கடவுளின் பண்புகள். வழக்கம்போலக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், எங்கும் நிறைந்தவர், நித்தியர், மாறாதவர், பரிசுத்தர், நீதியுள்ளவர், அன்புள்ளவர். 'எல்லாம் அறிந்தவர்' என்பதை விளங்கப்படுத்த, சிறு வயதில் எனக்குச் சொல்லித்தந்ததையே நானும் சொன்னேன்: "அறையைப் பூட்டிக்கொண்டு பிழை செய்தாலும் கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

பின்வாங்கில் ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். தாய் சவூதியில் வீட்டு வேலைக்குப் போய்விட்டதால் அம்மம்மாவோடு இருப்பவள்.

"டீச்சர், அங்க என்ர அம்மாவையும் பார்த்துக்கொண்டிருக்கிறாரா?"

"ஓம் புள்ள."

"பார்த்துக்கொண்டு மட்டும்தானா இருக்கிறார்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. முடிவு ஜெபத்தைச் சொல்லி வகுப்பைக் கலைத்துவிட்டேன்.

அன்றிரவு ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். ஆகார் எகிப்துக்காரி. பிறநாட்டில், இன்னொருத்தியின் வீட்டில் வேலை செய்தவள். அவளுடைய உடம்பைப் பற்றிக்கூட மற்றவர்களே தீர்மானித்தார்கள். நாச்சியாரான சாராய், ஆபிராமின் மனைவி, கடினமாய் நடத்தியதைத் தாங்க முடியாமல், வயிற்றில் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடிப்போனாள். நமது ஊர்களில் இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை. வாகரையிலிருந்து பொத்துவில் வரை எத்தனை வீடுகளில் தாய்மார் குவைத்துக்கும் சவூதிக்கும் போயிருக்கிறார்கள், அவர்களில் சிலர் எந்தக் கோலத்தில் திரும்பி வந்தார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வனாந்தரத்தில் கர்த்தருடைய தூதர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். "எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?" என்று கேட்கிறார். ஆபிராமும் சாராயும் அந்த அதிகாரம் முழுவதிலும் ஒருதரம்கூட அவள் பெயரைச் சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அவர்களுக்கு அவள் அடிமைப்பெண்தான். பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டவள் அதற்கு மறுமொழியாகக் கடவுளுக்கே ஒரு பெயர் வைக்கிறாள்: "நீர் என்னைக் காண்கிற தேவன்." வேதாகமத்தில் கடவுளுக்குப் பெயரிட்ட முதல் ஆள் அவள். கடவுள் எல்லாவற்றையும் காண்கிறார் என்ற படிப்பினை, ஓடிவந்த ஒரு வேலைக்காரியின் வாயிலிருந்து, அவளுடைய ஆறுதலாக நமக்கு வந்திருக்கிறது. நான் அதை எடுத்துப் பிள்ளைகளை வெருட்டப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

அதே அதிகாரத்தில், "உன் நாச்சியாரண்டைக்குத் திரும்பிப்போ" என்று தூதர் சொல்கிற இடமும் இருக்கிறது. அது இன்றுவரை என் தொண்டையில் சிக்கிய முள். அடுத்த கிழமை வகுப்பில் அதையும் ஒளிக்காமல் வாசித்தேன். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கடவுளும் ஆகாரோட திரும்பிப் போனாரா?" என்று கேட்டாள். போனார் என்றுதான் நம்புகிறேன் என்றேன். எங்கும் நிறைந்தவர் என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

இனி, நாம் பண்புகளைப் படிப்பிக்கிற முறைக்கு வருகிறேன். பட்டியல் போடுகிறோம். ஒரு பண்புக்கு ஒரு வசனம், ஒரு வசனத்துக்கு ஒரு புள்ளி. வினாவிடைப் போட்டியில் எட்டையும் மூச்சுவிடாமல் சொன்ன பிள்ளைக்குப் பரிசு. மனனம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், என் நம்பிக்கையின் பாதி சிறு வயதில் மனனம் செய்ததுதான். ஆனால் பட்டியல் ஒரு பொய்யான படத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. வல்லமை ஒரு தட்டில், நீதி ஒரு தட்டில், அன்பு இன்னொரு தட்டில் இருப்பதுபோலவும், கடவுள் இன்றைக்கு எதை எடுப்பார் என்று நாம் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதுபோலவும் பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள்.

13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவாக மறுத்தார். நமக்கு அன்பு வரும், போகும். கடவுளுக்கு அன்பு ஓர் உடைமை அல்ல. அவர் இருப்பதும் அவர் அன்பாயிருப்பதும் ஒன்றே. அவருடைய வல்லமை என்பதும் அந்த அன்பின் வல்லமைதான், அவருடைய நீதி என்பதும் அந்த அன்பின் நீதிதான். "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்று யோவான் எழுதியபோது ஏகாரம் போட்டுத் தமிழாக்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த ஓர் எழுத்துக்குள் முழுப் பாடமும் இருக்கிறது.

பட்டியல்களில் எது விடுபடும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1647இல் உருவான, பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் மறைக்கல்வி நூலான வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை, கடவுள் யார் என்ற கேள்விக்கு ஞானம், வல்லமை, பரிசுத்தம், நீதி, நன்மை, சத்தியம் என்று அழகாக அடுக்குகிறது. அன்பு என்ற சொல் அந்த விடையில் இல்லை. நன்மை என்பதற்குள் அதுவும் அடங்கும் என்று அதை நேசிப்பவர்கள் சொல்வார்கள். சரி, அடங்கட்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது அடங்கியிருப்பது தெரியுமா?

விசுவாச அறிக்கையிலோ பண்பு என்று வருவது ஒன்றே ஒன்றுதான், சர்வ வல்லமை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் 268ஆம் பத்தியில் இதைக் குறிப்பிடுகிறது. ஆனால் நாம் என்ன சொல்லி ஜெபிக்கிறோம்? "சர்வத்துக்கும் வல்ல பிதா." வல்லமைக்குப் பக்கத்திலேயே பிதா நிற்கிறார். பிதாவை விட்டுவிட்டு வல்லமையை மட்டும் படிப்பித்தால் அது விசுவாச அறிக்கையின் கடவுள் ஆகாது.

கடவுள் தம்மைப் பற்றித் தாமே வாய்திறந்து சொன்ன இடம் யாத்திராகமம் 34. "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." தண்டனையும் அந்த வசனங்களில் வருகிறது, மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும். இரக்கமோ ஆயிரம் தலைமுறைக்கு. முதலில் வருவதும் இரக்கம்தான். அந்த இரக்கத்துக்கு உரிய எபிரெயச் சொல், கருப்பை என்று பொருள்படும் 'ரெகெம்' என்ற சொல்லோடு ஒரே வேரைச் சேர்ந்தது. நமது தாய்மார் "பெத்த வயிறு கேட்குமா?" என்று சொல்வார்களே, அதுதான். காத்தான்குடியில் முஸ்லிம் அயலவர்கள் ஓதும் ரஹ்மான், ரஹீம் என்ற பெயர்களும் அதே வேரில் முளைத்தவை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த ஊரின் பெயரைச் சொல்லவே பயந்த பிள்ளைகளுக்கு இதை நான் வேண்டுமென்றே சொல்லிக் கொடுக்கிறேன்.

இப்போது, எழுதக் கை நடுங்குகிற பகுதி.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26உம் ஒரு ஞாயிறுதான். இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. இங்கே நாவலடியிலும் கல்லடியிலும் வீடுகள் இருந்த இடத்தில் மணல்தான் கிடந்தது. என் சின்னம்மா இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு ஜெபக் கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், இந்தக் கரையின் பாவத்துக்காகக் கடவுளுடைய நீதி எழும்பியது என்றார். சின்னம்மா எழுந்து வெளியே போனார். சாகும்வரை அவர் எந்த ஆலயத்துக்குள்ளும் கால் வைக்கவில்லை. கடைசி நாட்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து நான் சங்கீதம் வாசிப்பேன். கேட்டுக்கொண்டிருப்பார். "சமுத்திரத்தின் கடையாந்தரங்களிலே போய்த் தங்கினாலும், அங்கேயும் உமது கை என்னை நடத்தும்" என்ற இடம் வந்தால் மட்டும் திருப்பி வாசிக்கச் சொல்வார்.

அந்தப் பிரசங்கியார் லூக்கா 13ஐ வாசித்திருந்தால் போதும். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்று அவரே சொல்லிவிட்டார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவர்கள் கடவுளின் நீதியை விளக்கத் தொடங்கினார்கள். கடைசியில் கடவுள் அவர்கள் மேல்தான் கோபங்கொண்டார், தம்மோடு வழக்காடிய யோபுவின் மேல் அல்ல.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து இறந்தவர்களில் பலர், ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்திருந்த பிள்ளைகள். நம்மைப் போன்ற ஒருவர் அன்று காலையும் அவர்களுக்குக் கடவுளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருப்பார். அதை நினைத்தால், வகுப்புக்குப் போகும்போதெல்லாம் என் வாயில் என்ன சொல் வருகிறது என்பதில் எனக்குப் பயம் வருகிறது.

"கடவுள் ஏன் தடுக்கவில்லை?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வது விசுவாசக் குறைவு ஆகாது. நீ விளங்கிக்கொண்டுவிட்டாய் என்றால் அது கடவுள் அல்ல என்று அகுஸ்தினார் பிரசங்கித்திருக்கிறார். ஆனால் தெரிந்ததையும் சொல்லுங்கள். 553இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய ஆயர்களின் சங்கம், மாம்சத்தில் சிலுவையில் அறையப்பட்ட இயேசு மெய்க் கடவுளும் திரித்துவத்தில் ஒருவரும் ஆவார் என்று அறுதியிட்டது. துன்பம் தீண்டாதவர் என்று நாம் அறிக்கையிடும் கடவுள், தீண்டக்கூடிய உடம்பை எடுத்துக்கொண்டு வந்தார். லாசருவின் கல்லறையில் அழுதார். மாறாதவர் என்பதையும் கல்லைப் போன்றவர் என்று பிள்ளைகள் விளங்கிக்கொள்ள விடாதீர்கள். மல்கியாவில் அவர், தாம் மாறாதவர், அதனால்தான் நீங்கள் அழிந்துபோகவில்லை என்கிறார். அவருடைய இரக்கம் நாளைக்கும் இதே இரக்கமாக இருக்கும் என்பது அதன் பொருள்.

நான் கேட்பது இவ்வளவுதான். "கடவுள் பார்க்கிறார்" என்று சொல்லிப் பிள்ளைகளை அடக்குவதை நிறுத்துவோம். திடப்படுத்தலுக்கும் உறுதிப்பூசுதலுக்கும் ஆயத்தப்படுத்தும் வகுப்புகளில் லூக்கா 13ஐயும் ஆகாரின் கதையையும் கட்டாயம் படிப்பிப்போம். 88ஆம் சங்கீதத்தையும் சேர்த்துக்கொள்வோம். அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, அப்படியும் ஜெபிக்கலாம் என்று பிள்ளைகள் அறிந்திருக்கட்டும். அப்புறம், பிரசங்க மேடையில் ஏறுகிற எவரும் ஒரு சாவுக்குக் காரணம் சொல்வதற்கு முன்னால், செத்தவரின் தாய் முன்வரிசையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் இருக்கிறார்.

இந்த வருட வினாவிடைப் போட்டிக்கு வினாத்தாள் தயாரிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். "கடவுளின் பண்புகள் எட்டைத் தருக" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, "ஆகார் கடவுளுக்கு என்ன பெயர் வைத்தாள்? ஏன்?" என்று கேளுங்கள். தயாரிப்புக் கூட்டம் எந்தச் சனிக்கிழமை என்று அறிவித்தால் நானும் வருகிறேன். விடைத்தாள் திருத்தவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

கர்த்தருக்குள்,
கல்லடியிலிருந்து ஒரு ஞாயிறு பாடசாலை ஆசிரியை